கல்விக் கொள்கையில் ஈராசிரியர் பள்ளி டீச்சருக்கு என்ன இடம்?

தேவகோட்டைப் பக்கம் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து வகுப்பு, நாங்கள் இரண்டு பேர். வருடத்துக்கு ஒரு திட்டம் புதிதாக வருகிறது. ஆசிரியர் கருத்தைக் கேட்கிறோம் என்று சில நேரம் ஒரு கூகுள் படிவம் வரும், மறுநாள் மாலைக்குள் நிரப்பச் சொல்வார்கள், அதோடு சரி. கல்விக் கொள்கை வகுப்பதில் ஆசிரியருக்குச் சட்டப்படி ஏதாவது இடம் இருக்கிறதா? சங்கத்தில் சேர்ந்தால்தான் பேச முடியுமா?"

டீச்சர், சட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சின்னது: கொஞ்சம் உண்டு, அதுவும் பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் அளவில். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது எங்கே போகிறது, யாராவது படிக்கிறார்களா, படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஏன் என்று சொல்வார்களா என்பதுதான் உங்கள் கேள்வி. இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். நான் சிவகங்கை மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக இருந்து, பிறகு டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) விரிவுரையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கருத்துச் சொல்லும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், கருத்துகளைத் தொகுக்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். என் அனுபவம் எல்லாம் தொடக்கக் கல்வியில். மேல்நிலை பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது: நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிடுவது, பெற்றோரைக் கூட்டிப் பேசுவது. கொள்கை வகுக்கும்போது ஆசிரியரைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. பாடத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் 29-ஆம் பிரிவின்படி மாநில அரசு குறிப்பிடும் கல்வி அமைப்பின் பொறுப்பு, நமக்கு அது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. மாநில ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க 34-ஆம் பிரிவு வழி சொல்கிறது. அதிகபட்சம் 15 பேர், தொடக்கக் கல்வியிலும் குழந்தை வளர்ச்சியிலும் அறிவும் நடைமுறை அனுபவமும் உள்ளவர்கள். பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவராவது அதில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மிச்சம் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி பெற்றோர், அது சரியான ஏற்பாடுதான். மீதிக் கால்வாசியில் ஒரு பங்குதான் ஆசிரியருக்கு. உங்களுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2012-இல் வந்த திருத்தத்தின்படி அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். செட்டிநாட்டில் தடுக்கி விழுந்தால் உதவிபெறும் பள்ளி என்பதால் நம் ஊர்களுக்கு இந்தத் திருத்தம் பெரிய விஷயம்.

பழைய தலைமுறை ஆசிரியர்கள் சட்ட மேலவையை நினைத்து ஏங்குவார்கள். அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவுப்படி மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டு மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டது. 2010-இல் அதைத் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, ஆட்சி மாறியதும் அந்த முயற்சி நின்றுபோனது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆசிரியர் தொகுதிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொகுதியில் வாக்களிக்கும் உரிமை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிலையில் கற்பிப்பவர்களுக்கு மட்டும்தான். மேலவை இன்றைக்கே திரும்பி வந்தாலும் ஆசிரியர் தொகுதியில் உங்களுக்கு ஓட்டு இல்லை. ஒன்றாம் வகுப்பு எடுப்பவரின் கருத்து ஆட்சி மன்றத்துக்குத் தேவையில்லை என்று அரசியலமைப்பை எழுதிய காலத்திலேயே யாரோ நினைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

கொள்கை ஆவணங்களில் மட்டும் ஆசிரியருக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். 1966-இல் இரண்டு வந்தன. ஒன்று கோத்தாரி குழுவின் அறிக்கை. ஆசிரியர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் கல்வித் துறை அதிகாரிகளும் சேர்ந்த கூட்டு ஆசிரியர் மன்றம் ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இன்னொன்று, அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை. கல்விக் கொள்கையைத் தீர்மானிப்பதில் ஆசிரியர் அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது நேராகவே சொல்கிறது. அந்தத் தேதியைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டுமே பரிந்துரைகள், எந்த அரசையும் கட்டுப்படுத்தாதவை. மேடையில் மேற்கோள் காட்ட உதவும், அவ்வளவுதான்.

ஆக, எழுத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். நடைமுறையில் ஆசிரியர் கை பட்ட மாற்றங்கள் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கின்றன. நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது செயல்வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் அட்டைகளையும் செயல்களையும் வைத்துத் தம் வேகத்தில் தாமே படித்து முன்னேறும் முறையை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அது தொடங்கியது. ஆந்திரத்தில் உள்ள ரிஷி வேலியின் பல்வகுப்புக் கற்பித்தல் முறையைப் பார்த்துவிட்டு, எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பழகச் செய்தார். எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படி, அதில் வரும் சின்னங்கள், கற்றல் அட்டைகள் எல்லாவற்றையும் அந்த ஆசிரியர்களே உட்கார்ந்து நம் பாடத்துக்கு ஏற்ப உருவாக்கினார்கள். அட்டையில் பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்தினார்கள். வகுப்பில் எடுபடாததைத் தூக்கிப் போட்டார்கள். 2007-08-இல் அது மாநிலம் முழுக்க, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. அப்போது நம் பக்கத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது அச்சடித்த அட்டைகளும், தரையில் உட்கார்ந்துதான் நடத்த வேண்டும் என்ற அறிவுரையும், சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க ஒரு மேற்பார்வைப் படிவமும். சென்னை ஆசிரியர் தானே செய்து பார்த்துத் திருத்திய அதே அட்டை, நம் பக்கத்துச் சாக்கோட்டை ஆசிரியருக்கு உத்தரவாக வந்தது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது: முதல் கட்டத்தில் ஆசிரியர்கள் உருவாக்குபவர்களாக இருந்தார்கள், இரண்டாம் கட்டத்தில் செயல்படுத்துபவர்களாக மட்டும். நான் பார்த்த வகுப்பறைகளில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆர்வம் வடிந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. நிரூபணம் இல்லை. வகுப்பறை நெருக்கடி, ஆசிரியர் காலியிடம், 2012-13-இல் ஆண்டுப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்து பாடநூல் மாறியது என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும். ஆனால் இதில் எனக்கு வருத்தமான ஒன்று உண்டு. அந்த முறை ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் படிப்பதற்காகவே பிறந்தது. மாநிலத்தில் யாருக்கு அது அதிகம் பொருந்துமோ அந்த ஈராசிரியர் பள்ளிகளை முன்னோட்டத்தில் சேர்த்து, அவர்களையும் அட்டை எழுத விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்து, ஆசிரியர்கள் எதிர்த்து ஒன்று மாறியதற்கான உதாரணம் என்று எல்லோரும் சொல்வது ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 2019 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரி 4 அன்று திரும்பப் பெற்றார்கள். சங்கங்கள் இதைத் தங்கள் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டன. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பெற்றோர் எதிர்த்தார்கள், பெரும்பாலான கட்சிகள் எதிர்த்தன, அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வர இருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஆசிரியர் குரலின் எடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. தவிர, அறிவிப்பு வந்த பிறகு எதிர்த்துத் தடுப்பது ஒன்று, அறிவிப்பு வருவதற்கு முன்பே மேசையில் இருப்பது இன்னொன்று. நாம் முதலாவதில் பழக்கப்பட்டுவிட்டோம்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் குரல் என்று ஒற்றைக் குரல் கிடையாது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18-இல் அது வந்ததற்குச் சொன்ன காரணம், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே நேரே பன்னிரண்டுக்குப் போய்விடுகின்றன என்பது. அந்தக் குற்றச்சாட்டை முன்வைத்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு பிள்ளைகளைக் கசக்கிவிடுகிறது என்று சொல்லி வரவேற்றவர்களும் ஆசிரியர்கள்தான், பழையபடி பதினொன்றை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயந்தவர்களும் ஆசிரியர்கள்தான். இரண்டு தரப்புமே தம் வகுப்பறையிலிருந்து பேசுகின்றன. எனவே ஆசிரியரைக் கேட்டிருந்தால் சரியான முடிவு தானாக வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால் இரண்டு பக்க விளைவும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பது வரை சொல்வேன்.

சரி, கருத்துக் கேட்பு என்பது எப்படி நடக்கிறது? தேசியக் கல்விக் கொள்கையின் வரைவு 2019-இல் வந்தபோது 480 பக்கங்களைத் தாண்டியிருந்தது. முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. கருத்துச் சொல்ல ஜூன் முடிய ஒரு மாதம் கொடுத்தார்கள், பிறகு ஜூலை 31 வரை நீட்டினார்கள். இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்ததாக மத்திய அரசு சொன்னது. சராசரி போட்டுப் பாருங்கள், ஊராட்சிக்கு ஒன்றுகூட வரவில்லை. ஜூன், ஜூலை நமக்குப் பள்ளி திறந்து, சேர்க்கைக்காக வீடு வீடாக அலையும் மாதங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலக் கொள்கைக்கு 2022-இல் நீதிபதி முருகேசன் தலைமையில் குழு அமைத்தார்கள். மின்னஞ்சலில் கருத்து வாங்கினார்கள், ஊர்களில் கூட்டமும் நடந்தது. அறிக்கை 2024 ஜூலையில் முதலமைச்சரிடம் போனது. மொழியைப் பொறுத்தவரை இது பரவாயில்லை, தமிழில் பேச முடிந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு குறை பொதுவானது. நீங்கள் இந்தக் கருத்தைச் சொன்னீர்கள், இந்தக் காரணத்தால் ஏற்றோம் அல்லது விட்டோம் என்று கருத்துச் சொன்னவருக்குத் திரும்பி வரும் வழி இல்லை.

தொகுக்கும் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிக் கருத்துகள் வந்து குவியும்போது அவற்றை யாரும் எடுத்துக் குப்பையில் போடுவதில்லை. படிக்கிறார்கள். படித்து, தலைப்புவாரியாக அட்டவணை போடுகிறார்கள். "பணிச்சுமை குறைக்க வேண்டும்: பலர்" என்று ஒரு வரி ஆகிவிடும். உங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்ற விவரம் அந்த ஒரு வரியில் செத்துப்போகும். பொதுவாகச் சொன்ன எல்லாக் கருத்துக்கும் இதுதான் கதி. அட்டவணையில் அடங்காத கருத்துதான் மேசைக்குப் போகும். அது எப்படிப்பட்டது என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், உங்கள் மாதிரி ஆட்கள் ஏன் கூட்டத்திலேயே இருப்பதில்லை என்பதைப் பேச வேண்டும். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், கொள்கை பேசுகிறவர்கள் அதிகம் தொடாத இடமும் இதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பது யாரோ செய்த தவறல்ல, சட்டமே போட்ட கணக்கு. இப்போது ஒரு பணிமனைக்கு உங்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? மற்றொருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அவருக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால் பள்ளியைப் பூட்ட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரும் இதை யோசித்துத்தான் பட்டியல் போடுவார். ஆள் நிறைய இருக்கும் நடுநிலைப் பள்ளி, நகரத்துப் பள்ளி என்று பார்த்துப் பெயர் எழுதுவார். நான் போன கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அரங்கம் நிறைந்திருக்கும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஓரிரு கைகூடச் சந்தேகம். யாரும் சதி செய்யவில்லை. மாற்று ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆசிரியருக்குக் குரல் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு நாளைக்கு அவர் பள்ளிக்கு ஒரு மாற்று ஆசிரியரைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அது நடக்காதவரை பல்வகுப்புக் கற்பித்தல் பற்றிய முடிவை அதைச் செய்யாதவர்கள்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

செட்டிநாட்டில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த நகரத்தார் குடும்பங்கள் ஊருக்கு ஊர் பள்ளி வைத்தார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கல்லூரி வளாகமே எழுப்பினார். சின்ன ஊர்களில் ஏதாவது ஒரு குடும்பம் ஓர் ஆரம்பப் பள்ளியாவது வைத்திருக்கும். இன்று அந்தக் குடும்பங்களில் பலர் சென்னையிலும் வெளிநாட்டிலும். பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறப்பார்கள். பள்ளி இருக்கிறது, சம்பளம் அரசு தருகிறது, பள்ளி நிர்வாகச் செயலர் வெளியூரில், பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. இருக்கும் பிள்ளைகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்க, அப்பத்தாவிடம் வளர்பவர்கள் கணிசம். பெற்றோர் பங்கேற்பு என்று சுற்றறிக்கையில் எழுதுகிறார்களே, அந்தக் கூட்டத்துக்கு வருவது அந்த அப்பத்தாதான். கைப்பேசியில் வரும் செய்தியை அவரால் படிக்க முடியாது. இது உங்களுக்குத் தெரியும், சென்னையில் செயலி வடிவமைப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களிடம் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே பள்ளியில் முழுப் பணிக்காலமும் இருப்பீர்கள். அப்பனுக்கும் மகளுக்கும் பாடம் எடுத்திருப்பீர்கள். எந்தத் திட்டம் வந்தபோது எழுத்தறிவு கூடியது, எது வந்து போனது என்று உங்களால் சொல்ல முடியும். இயக்குநரகத்தில் அதிகாரிகள் மாறுவார்கள், உங்கள் பதிவேடு மாறாது. ஆனாலும் பாடநூல் குழு, பயிற்சிக் கட்டகம் எழுதும் குழு என்று வரும்போது முதலில் அழைப்பது அரசுப் பள்ளி ஆசிரியர்களைத்தான். நான் பார்த்தவரை அப்படி.

சங்கம் பற்றிக் கேட்டீர்கள். சேருங்கள், தவறில்லை, ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து சேருங்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர் சங்கங்கள் ஊதியம், ஓய்வூதியம், பதவி உயர்வு, மாறுதல் ஆகியவற்றில் கைதேர்ந்தவை. 2023 டிசம்பரில் வந்த 243-ஆம் எண் அரசாணை, தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பணிமூப்பு முன்னுரிமையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியபோது எவ்வளவு வேகமாகக் களம் இறங்கினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டைப் பேசாத சங்கத்தில் யார் சேர்வார்கள்? ஆனால் இரண்டாம் வகுப்புக் கணக்கில் இடமதிப்பை எந்தப் பருவத்தில் வைக்கலாம் என்று ஒரு சங்கம் தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்லை. அதிகாரிகளுக்கு இது வசதியாகிவிட்டது. ஆசிரியர் கற்பித்தல் பற்றி ஏதாவது சொன்னால்கூட, வேலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடிகிறது. பின்லாந்தைப் பாருங்கள் என்று ஒரு கூட்டம் சொல்லும். அங்கே தேசியப் பாடத்திட்ட வரைவில் ஆசிரியர் அமைப்பு உட்கார்ந்திருப்பதும், உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஆசிரியர்கள் சேர்ந்து எழுதுவதும் உண்மைதான். ஆனால் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட நம் மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் அதிகம். பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2022-இல் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது ஊர்தோறும் மக்கள் விவாதம் வைத்து, வகுப்பறைகளில் பிள்ளைகளிடமும் கேட்டார்கள். அதன் பலன் பாடநூலில் எவ்வளவு தெரிகிறது என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் எழுதுவதற்கு முன்பு கேட்டார்கள், அந்த வரிசை சரி.

இப்போது, நீங்கள் செய்யக்கூடியது. அட்டவணையில் அடங்காத கருத்து என்று சொன்னேனே, அது பள்ளிப் பதிவோடு வரும் கருத்து. எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தறிவு, எண்ணறிவுக்காக அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கும் திட்டம். "எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டுக்கு நேரம் அதிகம் எடுக்கிறது" என்று எழுதினால் அது புகார். "மூன்று வகுப்பும் ஒரே அறையில். அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கைப்பேசியில் மதிப்பீடு செய்த இரண்டு வாரத்தில் இத்தனை பாடவேளை போனது, அந்த நேரத்தில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு என்ன நடந்தது, தாளில் எழுதி வாங்கிப் பிறகு பதிந்தபோது எவ்வளவு மிச்சமானது" என்று பாடக்குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதினால் அது சான்று. கூடவே மாற்று யோசனையும் இருக்கிறது. இப்படி வந்த தாள்களை மேலதிகாரி தனியே எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல நாட்காட்டி. மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் நாட்களில் சுற்று வட்டாரத்தில் வருகை எப்படி இருக்கும் என்று உங்கள் வருகைப் பதிவேடு சொல்லும். அந்த வாரத்தில் மாநில மதிப்பீடு வைத்தால் கிடைக்கும் எண் எதைக் காட்டும் என்று கேளுங்கள். சில ஆண்டுகளின் பதிவை வைத்துக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தனியாக எழுதாதீர்கள். உங்கள் குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையத்தில், உங்களைப் போல ஈராசிரியர் பள்ளிகள் நான்கைந்தாவது இருக்கும். குறுவள மையக் கூட்டம் எப்படியும் நடக்கிறது, அதற்கு வர உங்களுக்கு அனுமதியும் இருக்கிறது. அங்கேயே பேசி, ஒரே பிரச்சினை பற்றி எல்லாப் பள்ளியின் பதிவையும் சேர்த்து இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அதை ஏற்றச் சொல்லுங்கள். கூட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் பயிற்றுநர் முதலில் முகம் சுளிப்பார், பரவாயில்லை, குறிப்பில் ஏறிவிட்டால் அது ஆவணம். அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் டயட்டுக்கும் அனுப்புங்கள். டயட்டில் செயல் ஆய்வு செய்ய வேண்டிய கடமை விரிவுரையாளர்களுக்கு இருக்கிறது, நல்ல தலைப்புக் கிடைக்காமல் தவிப்பவர்களும் உண்டு. உங்கள் இரண்டு பக்கத்தை ஒருவர் ஆய்வாக எடுத்துக்கொண்டால் அது சென்னையில் கல்வித் துறை இயக்குநரகங்கள் இருக்கும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்துக்குப் போகும் வழி உங்கள் மின்னஞ்சலைவிடச் சுருக்கமானது.

இரண்டாவது வழி சட்டமன்றம். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கான நிதி ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் விவாதிக்கும்போது, பள்ளிக் கல்வித் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், இணையத்தில் கிடைக்கும். என்ன செய்தோம், என்ன செய்யப் போகிறோம் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கும் ஆசிரியர்கள் மிகக் குறைவு. அந்த விவாதத்துக்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் "இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது, எங்கள் ஒன்றியத்தில் நிலை இது" என்று ஒரு தாள் கொடுத்தால், கட்சி எதுவானாலும் பேச விஷயம் கிடைத்தது என்று வாங்கிக்கொள்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரான ஒரு தாயை அதைக் கொடுக்க வைத்தால் இன்னும் நல்லது, அவருக்கு நடத்தை விதி எதுவும் இல்லை. கருத்துக் கேட்பில் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எத்தனை கருத்து வந்தது, தொகுப்பறிக்கையின் நகல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் ஏற்கவில்லை என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டத்தில் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும்.

நடத்தை விதி என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்திரிகையிலோ முகநூலிலோ அரசின் கொள்கையை விமர்சிப்பது அரசு ஊழியருக்கு ஆபத்து. உதவிபெறும் பள்ளியில் இருப்பவருக்குத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விதிகள் வேறு என்றாலும் அதே கவனம் வேண்டும். துறை கேட்கும்போது பதில் எழுதுவதும், பணி தொடர்பாக உரிய வழியில் அறிக்கை கொடுப்பதும் அந்த வகையில் சேராது. உங்கள் தாளில் யாரையும் பெயர் சொல்லித் தாக்காதீர்கள், பிள்ளைகளின் பெயரையும் போடாதீர்கள். செயலர் வெளியூரில் இருந்தாலும் அவருக்கு ஒரு நகலை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பின்னால் யாராவது தொலைபேசியில் கேட்டால், எனக்குத் தெரியாதே என்று அவர் சொல்லும் நிலை வரக் கூடாது. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முந்தைய குறுவள மையக் கூட்டத்தில் தொடங்கினால், மானியக் கோரிக்கை வருவதற்குள் தாள் தயாராகிவிடும்.